யப்பானியத் தொழிலகங்களின் எழுதா முறைமைகள்



மாலை ஐந்தரை மணி. நாகோயா நகரத்திலே ஒரு கந்தோர். அந்நாட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்த இளைஞர் ஒருவர், தமக்கு அன்று கொடுக்கப்பட்ட வேலையைக் குறித்த நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டார். மேசையை ஒழுங்கு செய்தார், பையை எடுத்தார், எழுந்து வாயிலை நோக்கி நடந்தார். சுற்றிலும் இருபது பேர், குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. ஒருவரும் முகஞ் சுளிக்கவில்லை. அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தத்திலே வேலைநேரம் ஐந்தரை மணியோடு முடிகின்றது என்றே எழுதியிருந்தது. ஆகவே சட்டப்படி அவர் செய்ததிற் பிழை எதுவுமில்லை. ஆயினும் அன்று அந்த அறையிலே ஏதோ ஒன்று நிகழ்ந்துவிட்டது. அது யாதென்று அவர் அறிந்துகொள்வதற்கு மூன்று மாதங்கள் சென்றன. அந்த இளைஞர் வேறு யாருமல்லர். இப்பொழுது உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் நானேதான்.

இயந்திர உறுப்புகளுக்கு வரைபடம் வரையும் தொழிலுக்காக நான் அங்கே சென்றிருந்தேன். ஆறு ஆண்டுகள் இருந்தேன். அந்த ஆறு ஆண்டுகளிலே எவரும் எனக்கு எடுத்துச் சொல்லாத, ஆனால் எல்லாரும் நான் அறிந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்த்த சில முறைமைகளைப்பற்றியே இன்று சொல்ல எண்ணுகிறேன். இது வெறும் வேடிக்கைக் கதையன்று. 2024ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதக் கணக்கின்படி யப்பானில் வேலை செய்யும் பிறநாட்டவரின் தொகை 23 இலட்சத்தைக் கடந்துவிட்டது. பிறப்புக் குறைந்து முதியோர் பெருகியமையால், தன் கதவை நெடுங்காலம் பாதி திறந்து பாதி சாத்தி வைத்திருந்த அந்த நாடு, 2019ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே குறித்த சில தொழில்களிற் பயிற்சி பெற்றோருக்கெனப் புதியதொரு விசா முறையைத் தொடக்கியது. அவ்வாண்டு யூன் மாதத்திலே நமது நாடும் இதன்பொருட்டு யப்பானுடன் ஓர் ஒத்துழைப்பு உடன்பாடு செய்துகொண்டது. முதியோர் பராமரிப்புக்கும், கட்டட வேலைக்கும், உணவு பதனிடும் ஆலைகளுக்கும் செல்ல விரும்பும் நம்மவர் இன்று மாலை வகுப்புகளில் இருந்து யப்பானிய எழுத்தைப் பயில்கின்றனர். பரீட்சையிலே சொல்லும் இலக்கணமும் வினவப்படும். சொல்லாமல் விடப்படுவதைப்பற்றி எந்தப் பரீட்சகரும் வினவுவதில்லை. கடன்பட்டு, நகையை ஈடுவைத்துச் சென்ற ஒருவர், அச்சொல்லாத பகுதியிலே தவறி, ஏன் தவறினோம் என்பதையும் அறியாமல் வேலையை வெறுத்துத் திரும்புவதை நான் கண்டிருக்கிறேன்.

முதற் பார்வைக்கு இந்த முறைமைகள் எண்ணற்றனவாய்த் தோன்றும். ஒவ்வொன்றாக மனனம் செய்யப் புகுந்தால் தலை சுற்றும். ஆனால் சில காலம் பொறுத்துப் பார்த்தபோது, அவற்றுட் பெரும்பாலானவை ஒரே நூலிற் கோத்தவை என்று எனக்குப் பட்டது. 'மெய்வாகு' என்பது அந்நாட்டிலே குழந்தைப் பருவம் முதற்கொண்டு காதில் விழும் ஒரு சொல். பிறர்க்கு உண்டாக்கும் தொல்லை என்பது அதன் பொருள். கந்தோரிலே அந்தத் தொல்லைகளுட் பெரியது, பிறரைத் திடுக்கிட வைப்பதாகும். முன்னறிவிப்பில்லாமல் ஒரு செய்தி, ஒரு மறுப்பு, ஒரு தாமதம், ஒரு புறப்பாடு. இவற்றுள் எதுவாயினும் அவர்களைக் கலங்கச் செய்யும். இந்த ஒன்றை மனத்திலிருத்திக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் தாமே விளங்கும்.

காலையிலிருந்து தொடங்குவோம். வானொலியிலே பேசுகின்ற நான் வானொலியோடு தொடர்புடைய ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் விடுதல் முறையாகாது. யப்பானிலே பல தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைத்தளங்களிலும், நாள்வேலை ஒரு தேகாப்பியாசத்தோடு தொடங்குகின்றது. பியானோ இசைக்கு ஏற்பக் கையை உயர்த்துவதும், உடலை வளைப்பதும், இறுதியில் மூச்சை ஆழ உள்வாங்கி விடுவதுமாகச் சில நிமிடங்கள். 1928ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே வானொலியில் தொடங்கிய இந்தப் பயிற்சி, போருக்குப்பின் சில ஆண்டுகள் நின்று, 1951இல் மீண்டும் தொடங்கி, இன்றும் காலை ஆறரை மணிக்கு ஒலிபரப்பாகின்றது. வேலைத்தளங்களிலே அந்த இசையைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு தமக்கேற்ற நேரத்திற் போடுவார்கள். இதற்கு வருவது கட்டாயமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "கட்டாயமில்லை" என்றார் மேற்பார்வையாளர். சொன்னவர் ஒருநாளேனும் தவறியதில்லை. மற்றவர்களும் அவ்வாறே. அந்நாட்டில் 'கட்டாயமில்லை' என்ற சொல்லை எப்படிக் கேட்கவேண்டும் என்பதை நான் அன்றுதான் கற்றேன்.

எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னர் என்று பொருள். புகையிரதம் தாமதமானாலோ? நிலையத்திலே தாமதச் சான்றுச் சீட்டு ஒன்று தருவார்கள். இப்போது அதனைத் தொலைபேசியிலும் பெறலாம். அதைக் கந்தோரிற் காட்டினாற் பிழை நம்முடையதன்று என்பது தெளிவாகும். ஆனால் நான் சொல்ல வருவது அந்தச் சீட்டைப்பற்றியன்று. சீட்டு இருந்தாலும், புகையிரதம் நின்ற உடனேயே கந்தோருக்குச் செய்தி அனுப்பவேண்டும். பத்து நிமிடம் பிந்தி வந்து பத்திரம் காட்டுபவரைக் காட்டிலும், இருபது நிமிடம் பிந்துவேன் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பி அப்படியே பிந்தி வருபவர் அங்கு நல்லவராய்க் கருதப்படுவார்.

பெயர்ச் சீட்டு மாற்றிக்கொள்ளும் முறையைப்பற்றியும் இருக்கை வரிசையைப்பற்றியும் புத்தகங்கள் நிறையச் சொல்லுகின்றன. ஆகையால் விரைந்து சொல்லிவிடுகிறேன். சீட்டை எழுத்துப் பெறுபவரின் பக்கம் நோக்கும்படி இரு கைகளாலும் கொடுத்து, இரு கைகளாலும் வாங்கி, வாசித்து, பேச்சு முடியுமளவும் மேசைமேல் வைத்திருக்கவேண்டும். பிருட்டப் பையிற் செருகி அதன்மேல் உட்கார்வது கொடுத்தவரின்மேல் உட்கார்வதற்கு ஒப்பாகும். அறையில் வாயிலுக்கு மிகத் தொலைவிலுள்ள கதிரை உயர்ந்தது. வாயிலை அடுத்தது தாழ்ந்தது. வாடகைக் காரிலே சாரதிக்குப் பின்னாலுள்ள இடம் உயர்ந்தது. சாரதிக்குப் பக்கத்து இடம் இளையவருக்கு உரியது. வழி சொல்வதும் காசு கொடுப்பதும் அவர் பொறுப்பு. மின்தூக்கியிலே பொத்தான்களுக்கு அருகில் நிற்பவரும் அவரே. வேலை எவருடையதோ அவர் கைக்கெட்டும் தூரத்திலே இருக்கிறார் என்று கொண்டால் இதிற் புதுமை ஒன்றுமில்லை.

தொலைபேசி விடயத்தில்தான் நான் முதன்முதலில் நன்றாகத் தடுக்கி விழுந்தேன். மணியடித்தால் அதை எடுப்பது அறையிலுள்ள புதியவரின் கடமை. எடுத்ததும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவேண்டும். இவ்வளவும் எளிது. வெளியாள் ஒருவர் எங்கள் பிரிவுத் தலைவரைக் கேட்கிறார். தலைவர் பெயர் தனக்கா என்று வைத்துக்கொள்வோம். கந்தோருக்குள்ளே அவரைப் பதவிப் பெயர் சேர்த்தல்லாமல் அழைக்க முடியாது. ஒருவர் பெயரோடு 'சான்' என்ற மரியாதை விகுதியாவது வேண்டும். ஆனால் வெளியாரிடம் பேசும்போது, "தனக்கா இப்பொழுது இருக்கையில் இல்லை" என்று வெறும் பெயராகச் சொல்லவேண்டும். வினைச்சொல்லையும் தாழ்த்திச் சொல்லவேண்டும். நம்முடைய தமிழிலே மேலோரைப்பற்றி யாரிடத்துப் பேசினும், "ஐயா வெளியே போயிருக்கிறார்" என்றுதானே சொல்லுவோம்? மரியாதை அவரோடு கூடவே செல்லும். அங்கே அப்படியன்று. மரியாதை, பேசப்படுபவரைப் பொறுத்தது மட்டுமன்று. கேட்பவர் நம் வீட்டுக்கு உள்ளா புறமா என்பதையும் பொறுத்தது. உள்ளைக் குறிக்கும் சொல் 'உச்சி'. புறத்தைக் குறிக்கும் சொல் 'சொத்தோ'. புறத்தாரிடம் பேசும்போது நம் தலைவர் நம்மவர். ஆகவே நம்மைத் தாழ்த்துவதுபோல் அவரையும் தாழ்த்தவேண்டும். என் நாவு இதற்கு இணங்க மறுத்தது. நான் பிரிவுத் தலைவரை வானளாவ உயர்த்தி விடையிறுக்க, மறுமுனையில் இருந்த வாடிக்கையாளர் ஒரு கணம் பேச்சற்றுப் போனார். பக்கத்து மேசையிலிருந்த அம்மையார் சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோற் குனிந்துகொண்டார். ஓராண்டு சென்றும் அந்த வெறும் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிறிது கூச்சமாகவே இருந்தது.

இனி, ஆம் என்பதும் இல்லை என்பதும். நாம் பேசும்போது யப்பானியர் "ஹாய், ஹாய்" என்று இடையிடையே சொல்லித் தலையசைப்பர். அகராதியிலே அதற்கு 'ஆம்' என்று பொருள் போட்டிருக்கிறது. ஆனால் அங்கே அது உடன்பாடன்று. "கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்" என்ற அளவே. இவ்விடைச்சொற்களுக்கு 'அய்சுச்சி' என்று பெயர். கொல்லன் உலையிலே இருவர் எதிரெதிர் நின்று மாறி மாறிச் சம்மட்டி அடிப்பதிலிருந்து பிறந்த சொல் அது. ஒருவர் அடிக்க மற்றவர் சும்மா நின்றால் இரும்பு ஆறிவிடும். அதுபோலவே, அவர்கள் பேசும்போது நாம் மரியாதையென்று எண்ணி வாய்மூடி இருந்தால், தம் பேச்சு நமக்கு விளங்கவில்லையென்றோ நமக்கு அதில் விருப்பமில்லையென்றோ அவர்கள் கருதிக்கொள்வர்.

மறுப்போ மிக அரிதாகவே மறுப்பின் உருவில் வரும். "அது சற்றுக் கடினம்" என்றால் முடியாது என்று பொருள். "ஆராய்ந்து பார்ப்போம்" என்றால் பெரும்பாலும் முடியாது. பல்லிடையே மெல்லக் காற்றை உள்ளிழுத்துத் தலையை ஒருபக்கம் சாய்த்தால் அதுவும் முடியாது என்பதே. நாடுகளுக்கிடையிலும் இதனால் இடர் விளைந்ததாக ஒரு கதை வழங்குகின்றது. 1969ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே பிரதமர் சாத்தோ எய்சாக்கு வாஷிங்டன் நகரிலே ஜனாதிபதி நிக்சனைச் சந்தித்தார். யப்பானின் துணி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும்படி நிக்சன் கேட்க, சாத்தோ 'தக்கவாறு கவனிப்போம்' என்ற பொருள்படும் வழக்கமான சொல்லொன்றைச் சொன்னார் என்றும், அது வாக்குறுதிபோல மொழிபெயர்க்கப்பட்டது என்றும் சொல்வர். அவர் சொன்ன சொல் சரியாக எது என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. எதிர்பார்த்தது நடக்காமற் போக நிக்சன் தரப்பினர் சினந்ததும், அந்தத் துணிப் பிணக்கு 1971 வரை இழுபட்டதும் வரலாறு. நம்போன்றோர் விடயம் அவ்வளவு பெரிதன்று. ஆனால் 'சற்றுக் கடினம்' என்ற விடையைக் கேட்டு, "கடினமானாலும் பரவாயில்லை, முயன்று பார்ப்போம்" என்று மூன்றுமுறை வற்புறுத்திய புதியவர் ஒருவரை நான் அறிவேன். தாம் ஊக்கம் காட்டியதாக அவர் நினைத்தார். எதிரே இருந்தவர்கள் நினைத்தது வேறு.

இவையெல்லாவற்றினும் பெரிதென்று நான் கருதுவதற்கு இப்போது வருகிறேன். 'ஹோரென்சோ' என்று ஒரு சொல். யப்பானிய மொழியில் அது ஒரு கீரையின் பெயர். நாம் பசளி என்று சொல்வதற்கு ஒத்த கீரை. அறிக்கையிடல், செய்தி தெரிவித்தல், ஆலோசனை கேட்டல் என்னும் மூன்று செயல்களுக்குரிய யப்பானியச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தாலும் அதே ஓசைதான் வரும். 1982ஆம் ஆண்டிலே பங்குத் தரகு நிறுவனமொன்றின் தலைவராயிருந்த யமசாக்கி தொமிஜி என்பவர் இந்தச் சிலேடையைத் தம் நிறுவனத்தில் வழங்கச் செய்தார். பின்னர் நூலும் எழுதினார். இன்று அந்நாட்டில் வேலைக்குச் சேரும் புதியவருள் இச்சொல்லைக் கேளாதவர் இலர். சொல் எல்லார்க்கும் தெரியும். அதன் கூர்மை பட்டவர்க்கே தெரியும். நான் பட்டவன்.

சேர்ந்து ஐந்தாம் மாதம். ஓர் உறுப்பின் வரைபடத்திலே துளையொன்றின் விட்டத்தை நான் பிழையாகக் குறித்துவிட்டேன். பிழையை நானே கண்டுபிடித்தேன். ஒரு திங்கட்கிழமை காலை. அப்பொழுது என் மனத்தில் ஓடிய எண்ணத்தை ஒளிக்காமற் சொல்லுகிறேன். பிழையைச் சொல்லிக்கொண்டு போய் நிற்பது வெட்கம். அதைத் திருத்தி, திருத்தமான படத்தோடு போய் நின்றால் கெட்டித்தனம். நாம் பள்ளிக்கூடத்திலே அப்படித்தானே பழகியிருக்கிறோம்? துளை மாறினால் அதனோடு பொருந்தும் வேறு மூன்று உறுப்புகளும் மாறவேண்டியிருந்தது. இரண்டு இரவுகள் விழித்திருந்து எல்லாவற்றையும் திருத்தினேன். புதன்கிழமை காலை, திருத்திய படங்களோடு பிரிவுத் தலைவரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் படங்களைப் பார்த்தார். "அப்படியா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சத்தமில்லை, கோபமில்லை. நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து என் படங்கள் யாவும் என்னைவிட வயதில் இளைய ஒருவருடைய மேசைக்குச் சென்று அவர் பார்த்தபின்னரே தலைவரிடம் போயின. இரண்டு மாதங்கள் அப்படி நடந்தது. எவரும் எனக்குக் காரணம் சொல்லவில்லை. அந்த இளையவர்தான் ஒரு நாள், பேணியில் அடைத்த கோப்பியொன்றை எனக்கு வாங்கித் தந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "திங்கட்கிழமை காலையிலேயே சொல்லியிருந்தால், தலைவர் செவ்வாய்க்கிழமை வார்ப்புத் தொழிற்சாலைக்கு அந்தப் பழைய படத்தை அனுப்பியிருக்கமாட்டார்."

நேயர்களே, எனக்குத் தெரியாமலே அந்தப் படம் போய்விட்டிருந்தது. தலைவர் புதன்கிழமை மாலை தொழிற்சாலைக்குத் தாமே சென்று, அங்குள்ளோர்முன் தலைதாழ்த்தி மன்னிப்புக் கேட்டு அதை மீட்டுவந்தார். என் பிழைக்காகவன்று, பிழை எல்லார்க்கும் வரும். நான் அதை இரண்டு நாள் என் மேசைக்குள் வைத்திருந்தமைக்காக. அன்று முதல் நான் கெட்ட செய்தியைச் சூட்டோடு சூடாகக் கொண்டுபோகப் பழகினேன். முழுவதும் விளங்கவேண்டும் என்றில்லை. "ஏதோ சரியில்லைபோலத் தோன்றுகிறது, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்ற அளவே போதும். இதைச் சொன்னதற்காக எவரும் என்னைக் கடிந்துகொண்டதில்லை. அந்தத் தரகு நிறுவனத் தலைவரும் இச்சொல்லைக் கீழுள்ளோரை விரட்டுவதற்காக உண்டாக்கவில்லை. கீழிருப்போர் அச்சமின்றிப் பேசக்கூடிய காற்றோட்டமுள்ள இடமாகத் தம் நிறுவனம் இருக்கவேண்டும் என்பதே அவர் கருத்து. பிற்காலத்து மேலதிகாரிகளுட் பலர் இந்தப் பாதியை மறந்து, அறிக்கை எங்கே, அறிக்கை எங்கே என்று கேட்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துகின்றனர். அது சொல்லின் குற்றமன்று.

கெட்ட செய்திக்கு இவ்வாறென்றால் நல்ல யோசனைக்கு? அதற்கும் ஒரு முறைமை உண்டு. 'நெமவாஷி' என்பது தோட்டக்காரரின் சொல். வளர்ந்த மரமொன்றை வேறிடத்தில் நடவேண்டுமானால், ஒரே நாளிற் பிடுங்கி நட்டால் அது பட்டுப்போகும். ஆகவே பல மாதங்களுக்கு முன்னரே, சில வேளை ஓராண்டுக்கு முன்னரே, அடிமரத்தைச் சுற்றித் தோண்டிப் பெரிய வேர்களை வெட்டிவிட்டு மண்ணை மூடிவிடுவர். வெட்டிய இடங்களில் மெல்லிய புதுவேர்கள் தோன்றும். அவை தோன்றிய பின்னரே மரத்தைப் பெயர்ப்பர். வேரைச் சுற்றி வருதல் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். கந்தோரிலே அது, கூட்டத்துக்கு முன்னதாக ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சென்று, நம் யோசனையைச் சொல்லி, அவர் சொல்வதைக் கேட்டு, வேண்டிய திருத்தத்தைச் செய்துகொள்வதைக் குறிக்கும். கூட்டம் கூடும்போது மரம் ஏற்கெனவே பெயர்க்கப்பட ஆயத்தமாய் இருக்கும். கூட்டம் வெறுஞ் சடங்கா என்று கேட்டால், ஓரளவுக்கு அப்படித்தான்.

நான் இதை அறியாமல், கூட்டத்தின் நடுவிலே எழுந்து, முன்வைக்கப்பட்ட திட்டத்திலுள்ள குறையொன்றை எடுத்துக்காட்டினேன். குறை உண்மையானது. அறையில் நெடிய அமைதி நிலவியது. தலைமை வகித்தவர், "நல்ல கருத்து" என்று சொல்லி அடுத்த விடயத்துக்குச் சென்றார். திட்டத்தை ஆக்கியவர் அன்று முழுவதும் என் பக்கம் திரும்பவில்லை. பலர்முன்னே அவர் விடைசொல்ல முடியாத நிலையில் நிறுத்தப்பட்டார். அதை நான் செய்தேன். முன்னாளே அவரிடம் தனியே போய்ச் சொல்லியிருந்தால் அவரே அக்குறையைத் திருத்தி, கூட்டத்திலே என் பெயரையும் சொல்லியிருப்பார். பின்னர் ஒரு முறை அப்படிச் செய்து பார்த்தேன், அவ்வாறே நடந்தது. இந்த முறைக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஒரு சிறிய முடிவுக்கு மூன்று வாரம் செல்லும். காகிதம் ஒன்று மேசை மேசையாகச் சுற்றி ஒவ்வொருவர் முத்திரையையும் பெற்று வரவேண்டும். சில வங்கிகளிலே இளையவர் தம் முத்திரையை மேலதிகாரியின் முத்திரைப் பக்கமாகச் சற்றே சாய்த்துக் குத்துவர் என்றும், அது தலைவணங்குவது போலிருக்கும் என்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2020ஆம் ஆண்டிலே, பெருந்தொற்றுக் காலத்திலும் முத்திரை குத்துவதற்காகவே மக்கள் கந்தோருக்கு வரவேண்டியிருந்த நிலையைக் கண்டு, நிருவாகச் சீர்திருத்த அமைச்சராயிருந்த கோனோ தாரோ அரசாங்க நடைமுறைகளிற் பெரும்பாலானவற்றினின்றும் முத்திரையை நீக்க முற்பட்டார். முத்திரை குறையலாம், வேரைச் சுற்றி வருவது குறைந்ததாகத் தெரியவில்லை.

விருந்துகளைப்பற்றி ஒரு சொல். வேலை முடிந்தபின் கூடிக் குடிக்கும் வழக்கம் முன்னளவு இல்லையெனினும் இன்னும் உண்டு. தன் கிண்ணத்தைத் தானே நிரப்பலாகாது. பக்கத்தவர் கிண்ணத்தை நாம் நிரப்பினால் நம்முடையதை அவர் நிரப்புவார். எல்லாருஞ் சேர்ந்து 'கன்பாய்' என்று சொல்லுமுன் வாய்வைக்கலாகாது. மதுவோ மாமிசமோ கொள்ளாத நம்மவர் இதற்கு அஞ்சவேண்டியதில்லை. ஒழுங்கு செய்பவரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டால் அவர் ஆவன செய்வார். உணவு பரிமாறியபின் சொன்னாற்றான் அவருக்குத் தலைகுனிவு. அந்த இரவிலே தலைவர் எவ்வளவு நெருங்கிச் சிரித்துப் பேசினாலும், மறுநாட் காலை அவர் பழைய தலைவரே. அவர் செலவு செய்திருந்தால், காலையிற் கண்டவுடன் "நேற்று உபசரித்தமைக்கு நன்றி" என்று சொல்லவேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

முதலிலே சொன்ன ஐந்தரை மணிக் கதையை முடிக்கவில்லை அல்லவா? நான் நேரத்தோடு புறப்பட்டது பிழையன்று. ஒன்றும் சொல்லாமற் புறப்பட்டதுதான் பிழை. முன்னே செல்பவர், "ஒசாக்கினி ஷித்சுரேய் ஷிமாசு", அதாவது "உங்களுக்கு முன் செல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லவேண்டும். இருப்பவர், "ஒத்சுகரேசமா" என்பர். களைத்தீர்கள் என்று நம் உழைப்பை ஒப்புக்கொள்ளும் சொல் அது. இதனோடு ஒத்த பொருளுடைய 'கொகுரோசமா' என்ற சொல்லும் உண்டு. அது மேலோர் கீழோர்க்குச் சொல்வது, தலைவருக்கு அதைச் சொல்லிவிடக்கூடாது. பிறர் வேலை செய்துகொண்டிருக்கும்போது, "நான் செய்யக்கூடியது ஏதும் உண்டா?" என்று கேட்டுவிட்டுச் செல்வது இன்னும் நன்று. பத்தில் ஒன்பது முறை, "இல்லை, போய் வாருங்கள்" என்றே விடை வரும். விடுமுறையில் ஊருக்குப் போய் வந்தால், தனித்தனியே பொதிந்த இனிப்புப் பெட்டியொன்றைக் கொண்டுவந்து மேசைக்கொன்றாக வைக்கவேண்டும். நம் வேலையை அவர்கள் சுமந்ததற்கு அது நன்றி.

ஆனால் இங்கே ஒரு எல்லையைக் கீறவேண்டியிருக்கிறது. முறைமை வேறு, சட்டம் வேறு. எழுதாத முறைமையைக் கற்கும் ஆர்வத்திலே எழுதியிருக்கும் உரிமையை மறந்துவிடலாகாது. வேலையினாலேயே மாண்டுபோதலைக் குறிக்க அம்மொழியிலே 'கரோஷி' என்று தனிச் சொல்லே உண்டு. அதைத் தடுப்பதற்கென 2014ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் இயற்றவேண்டி வந்தது. 2018இல் நிறைவேறி 2019 ஏப்பிரில் முதல் நடைமுறைக்கு வரத்தொடங்கிய சட்டத்தின்படி, மேலதிக வேலை பொதுவாக மாதத்துக்கு 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்ற அளவைத் தாண்டலாகாது. பத்து நாளோ மேலோ சம்பளத்தோடு விடுமுறை பெறும் தொழிலாளியை ஆண்டில் ஐந்து நாளாவது அதை எடுக்கச் செய்வது நிறுவனத்தின் கடமை. மேலதிகாரி தன் அதிகாரத்தைக் கொண்டு துன்புறுத்துவதைத் தடுக்கும் பொறுப்பு 2020இலே பெரிய நிறுவனங்கள் மீதும், 2022இலே சிறியவை மீதும் சுமத்தப்பட்டது. தொழிற்பயிலுநராக வந்தவரின் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வது குற்றம். வேலையில் ஏற்படும் காயத்துக்குரிய காப்புறுதி பிறநாட்டவர்க்கும் உரியது. முறைப்பாட்டைத் தொழில்நியமக் கண்காணிப்புக் கந்தோரிற் சொல்லலாம். பிறமொழிகளில் ஆலோசனை கூறும் தொலைபேசிச் சேவையும் உண்டு. "இங்கே இதுதான் வழக்கம்" என்று சொல்லி இவற்றை ஒருவர் மறுப்பாரானால், அது வழக்கமன்று.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணமுண்டு. நான் அடிக்கடி சென்றுவந்த தொழிற்சாலையொன்றிலே நம் நாட்டு இளைஞர் ஒருவர் வேலை செய்தார். கெட்டிக்காரர். முறைமைகளை என்னைக் காட்டிலும் விரைவாகக் கற்றவர். பிறர்க்குத் தொல்லை கொடுக்கலாகாது என்பதை மிக நன்றாகக் கற்றுவிட்டார். ஒரு நாள் தகட்டின் விளிம்பு பட்டு அவருடைய இடக்கை விரல் ஆழமாக வெட்டுண்டது. வேலை மும்முரமான நேரம். துணியைச் சுற்றிக் கையுறையை மேலே மாட்டிக்கொண்டு மாலைவரை நின்றார். இரண்டாம் நாள் கை வீங்கி, மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தபின்தான் தெரியவந்தது. விரல் பிழைத்தது, ஆனால் மடக்க முடியாது.

வைத்தியசாலையிலிருந்து அவர் திரும்பிய காலை நானும் அங்கே இருந்தேன். மேற்பார்வையாளர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். "எல்லாரும் வேலையாக இருந்தீர்கள்" என்றார் இளைஞர். மேற்பார்வையாளர் ஒன்றும் பேசவில்லை. தேகாப்பியாச இசை முடிந்து எல்லாரும் வரிசையில் நின்றபோது, அவர் முன்னே வந்து, தொழிலாளர் அனைவரும் பார்த்திருக்க, அந்த இளைஞரின் பக்கம் திரும்பி, இடுப்பு வளையத் தலைதாழ்த்தினார். தாம் பார்த்திருக்கவேண்டியதைப் பார்க்கவில்லை என்று சொன்னார். அந்தப் பிள்ளை என்ன செய்வதென்று அறியாமல் தாமும் குனிந்தார். இருவரும் நிமிர நெடுநேரம் சென்றது.